அடுக்களை ஸ்விட்சுக்கு ஒரு பூட்டு

லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டைப் பகல் வெளிச்சத்தில் முழுசாகப் பார்த்தது, கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டுத் திரும்பிய பிறகுதான். வேலைக்குப் போகுமுன் ஒரு வாரம் வீட்டிலேயே இருக்கச் சொல்லியிருந்தார்கள். அன்று காலை அவரை வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு மனைவி சலவைக்கடை வேலைக்குப் போய்விட்டாள். அவருக்குத் துணை எறும்புகள்.

அடுக்களைச் சுவரோரம் எறும்புகள் ஒரு பச்சைப் புழுவை இழுத்துக்கொண்டு போயின. நாலாவது மாடியில், ஜன்னலே இல்லாத அடுக்களைக்குப் புழு எப்படி வரும்? நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து மண்டையைக் குடைந்துகொண்டார். பிறகு விளக்குமாற்றுக் கம்பில் போனைக் கட்டி, புகை போகும் விசிறிக்குள் நீட்டிப் படம் எடுத்தார்.

இறக்கைகளுக்குப் பின்னால், குழாய்க்குள், ஒரு குருவிக்கூடு. மூன்று வாய்கள் ஆவென்று திறந்திருந்தன. அவர் ஆஸ்பத்திரியில் இருந்தவரை மனைவி தன் தம்பி வீட்டில் தங்கியிருந்தாள். ஒரு மாதத்துக்கு மேல் அடுப்பும் எரியவில்லை, விசிறியும் சுற்றவில்லை. குருவி அதற்குள் குடும்பமே நடத்திவிட்டது. தானியம் கொத்தும் குருவி குஞ்சுக்கு மட்டும் புழு பூச்சியாகத் தேடி ஊட்டுவது அவருக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆச்சரியம் நீடிக்கவில்லை. புழுவோடு வந்த தாய்க்குருவி விசிறியின் இறக்கைமேலேயே உட்கார்ந்தது. அந்த வீட்டில் அடுக்களை விளக்குக்கும் விசிறிக்கும் ஒரே ஸ்விட்ச்.

மனைவி வந்ததும் வராததுமாக அவள் கை ஸ்விட்சுக்குப் போனது.

"தொடாத."

அவர் போட்ட சத்தத்தில் அவள் கையிலிருந்த பை கீழே விழுந்தது. படத்தைக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, "சரி, இனிமே போடலை, விடுங்க" என்றாள். கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்கப் போனவளின் கை மறுபடி அங்கேயே போய், அந்தரத்தில் நின்றது.

அதற்குமேல் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. வேலைப்பையிலிருந்து, பூட்டுப் போடத் துளைகள் உள்ள ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து ஸ்விட்சின்மேல் மாட்டி, தன் சிவப்புப் பூட்டைப் போட்டார். கூடவே அட்டையைத் தொங்கவிட்டார். அவருடைய போட்டோ, கீழே 'உள்ளே ஆள்'. லிஃப்டுக்கு அடியிலுள்ள குழிக்குள் இறங்குகிறவன், லிஃப்ட் ஓடாதபடி மெயின் ஸ்விட்சுக்குத் தானே பூட்டுப் போட வேண்டும், தானே திறக்க வேண்டும். ஒரு ஆள், ஒரு பூட்டு, ஒரு சாவி. முன்பெல்லாம் அட்டை மட்டும்தான். ஒரு காவலாளி, யாரோ மறந்துவிட்டுப் போன பழைய அட்டை என்று அதைக் கழற்றிவிட்டு ஸ்விட்சைத் தள்ளினான். அப்போது குழிக்குள் இருந்தவர் இவர்; கால் ஒடிந்தது அப்படித்தான். பூட்டு வந்தது அதன் பிறகு; இவருடையது ஆஸ்பத்திரிக்கே வந்தது.

"நம்ம கல்யாண போட்டோவக்கூட இப்படி நல்ல இடத்துல மாட்டலையே" என்றாள் மனைவி. மேசைவிளக்கைக் கொண்டுவந்து வைத்துச் சமைத்தாள். பார்க்க வந்த மச்சினன், "என்ன அத்தான், ஸ்விட்ச ஜெயில்ல போட்டுட்டீங்க? கம்பியைக் கழட்டிவிட்டா முடிஞ்சுது" என்றான்.

"வாடகை வீடு. சுவத்துல கை வைக்கக் கூடாது. கழட்டுனாலும் எவனாவது மாட்டுவான்."

வாரம் ஓடிவிட்டது. வேலைக்குக் கிளம்பும் காலையிலும் குஞ்சுகள் பறக்கிற பாடில்லை. சிவப்புப் பூட்டு இல்லாமல் குழிக்குள் இறங்க முடியாது. அதை எடுத்தால் ஸ்விட்ச் திறந்து கிடக்கும். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களையில் நின்றார். பூட்டில் நுழைத்தார், திருப்பாமலே வெளியே எடுத்தார்.

"ஏங்க, நான் ஒருத்திதான வீட்ல. போடமாட்டேன்னா போடமாட்டேன்."

"அந்தக் காவலாளியும் வேணும்னு போடலை."

அவள் கோபித்துக்கொள்ளவில்லை. பரண்மேலிருந்த பெட்டியை இறக்கி, இந்த நாட்டுக்கு வந்தபோது அதில் போட்டிருந்த சின்னப் பூட்டைக் கழற்றிக்கொண்டு வந்தாள். "உங்க வேலையில, ஒருத்தர் ஷிப்ட் முடிஞ்சு போகும்போது என்ன பண்ணுவீங்க?"

"வர்றவர் பூட்ட முதல்ல போடுவார். அப்புறம்தான் போறவர் எடுப்பார்."

"அப்ப தள்ளி நில்லுங்க."

உறையின் இன்னொரு துளையில் தன் பூட்டைப் போட்டாள். அவர் அதை இரண்டு தரம் இழுத்துப் பார்த்தார்.

"ரெண்டாவது சாவி?"

"எனக்குத் தெரியும், கேப்பீங்கன்னு." ஒன்றைத் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டு, மற்றதை அவர் சட்டைப்பையில் போட்டாள். விசா விண்ணப்பத்துக்கு எடுத்ததில் மிஞ்சிய தன் போட்டோவை உறையில் ஒட்டினாள். முறைக்கிற மாதிரி இருந்தது.

"இதப் பாத்தா காவலாளி ஓடிடுவான்" என்றார். பிறகுதான் தன் பூட்டைத் திறந்தார்.

அன்று மதியம், வேறொரு கட்டடத்தில், மெயின் ஸ்விட்சுக்குச் சிவப்புப் பூட்டைப் போட்டார். குழியின் ஏணிவரை வந்தார். முதல் படியில் கால் வைக்க முடியவில்லை. போனை எடுத்தார்.

"பூட்டு இருக்கா?"

"சாப்பிட வீட்டுக்கு வந்தேன், இப்பதான் இழுத்துப் பாத்தேன், இருக்கு. உள்ள குஞ்சுங்க கத்துது, கேக்குதா?" கூடவே, "உங்க பூட்டு?" என்றாள்.

இணைப்பைத் துண்டிக்காமல் திரும்பி நடந்து, ஸ்விட்சுக்குப் போய் இழுத்துப் பார்த்தார்.

"இருக்கு" என்று சொல்லிவிட்டு, ஏணியில் இறங்கினார்.