குரும்பகரத்தில் பத்தொன்பது பனையேறிகள்

திருச்சியில் பேருந்து ஏறும்போது இன்னும் விடியவில்லை. கண்டக்டர் என்னைப் பார்ப்பதற்கு முன் என் தெர்மோகோல் பெட்டியைப் பார்த்துவிட்டார்.

“என்ன தம்பி, மீனா?”

“இன்னும் இல்லைங்க. திரும்பி வரும்போதுதான் மீன்.”

“அப்ப திரும்பும்போது ரெண்டு லக்கேஜு. இப்ப ஒண்ணு” என்று இருபது ரூபாய்க்குச் சீட்டுக் கிழித்தார்.

பெட்டிக்குள் நாற்பது காலி பாட்டில்கள், மீனைப் பதப்படுத்த ஃபார்மலின், ஒரு கைத்தராசு, அளவுகோல், கொசுவலைத் துணியில் தைத்த இழுவலை ஒன்று. நான் நன்னீர் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்யும் மாணவன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். மகன் என்ன படிக்கிறான் என்று யாராவது கேட்டால் அம்மா, “கொளத்துல மீன் எண்றான், அதுக்கு கவர்மெண்டு பணம் குடுக்குது” என்பார். நானும் அதைவிடச் சரியாக யாரிடமும் சொன்னதில்லை.

தஞ்சாவூர், கும்பகோணம் வழியாகக் காரைக்கால் ஏறத்தாழ நூற்றைம்பது கிலோமீட்டர். மே மாதக் கடைசி. பாலத்துக்குப் பாலம் எட்டிப் பார்த்தேன், ஆறுகளில் மணல்தான் ஓடியது. நெல் இல்லாத வயல்களில் பருத்தி வெடித்துக் கிடந்தது. என் வேலைக்கு இதுதான் நல்ல காலம். தண்ணீர் வற்றி, குளத்திலுள்ள மீனெல்லாம் நெருங்கி நிற்கும்.

பத்து மணிக்குக் காரைக்கால் பேருந்து நிலையத்தில் இறங்கி, ஒரு டீ குடித்துவிட்டு, குரும்பகரத்துக்கு ஆட்டோ பேசினேன். இருநூற்றைம்பது.

“பெரிய கொளத்துக்கா போறீங்க?” என்றார் ஓட்டுநர். “நாளைக்கிக் காலையில புண்ணாக்குப் போடுறாங்களே. எங்க வீட்லகூட குண்டான் தேச்சு வச்சிருக்காங்க.”

எனக்கு அது புதுச் செய்தி.

மீன் வளர்ப்பதற்கு முன் குளத்தைச் சுத்தம் செய்ய இலுப்பைப் புண்ணாக்கை ஊறவைத்து இறைப்பார்கள். அதன் நஞ்சு தண்ணீரில் இறங்கியதும் குளத்திலுள்ள மீன் முழுவதும் மிதந்துவிடும். மிதக்கும் மீனை நன்றாகக் கழுவிச் சமைத்தால் தின்கிற ஆளுக்கு ஒன்றும் ஆகாது. அதனால் குத்தகைக்காரர் பெரிய மீன்களை முன்னாலேயே வலைபோட்டு எடுத்துவிட, மிதந்து வருவதை யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம் என்பது இங்கே வழக்கம். இரண்டு மூன்று வாரத்தில் நஞ்சு முறிந்ததும் கட்லா, ரோகு குஞ்சுகளை விடுவார்கள்.

இந்தக் குளம் அப்படிச் சுத்தமாகிவிட்டால் எனக்கு என்ன நட்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் நான் வலை போட்ட குளங்களில் பனையேறிக் கெண்டை கிடைத்தது இது ஒன்றில்தான். விரல் நீளக் கறுப்பு மீன். செவுள் மூடியில் முள் வரிசை. காற்றைச் சுவாசிக்கும், ஈரம் இருந்தால் கரையேறித் தரையில் நகரும். ஒரு காலத்தில் டெல்டா வயல்களில் காலில் குத்திய மீன், இப்போது தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. சாலைக்கு எதிர்ப்புறம் ஒரு மாட்டுக்குட்டை உண்டு. அதே மண், அதே வாய்க்கால், ஆனால் அதில் பனையேறி கிடையாது. இங்கே இருப்பது ஏன், அங்கே இல்லாதது ஏன் என்பதுதான் என் ஆராய்ச்சி. இரண்டு வருடம் ஓடிவிட்டது. இது மூன்றாவது, கடைசி வருடம்.

குளக்கரையில் புண்ணாக்கு மூட்டைகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவர் ஜமால் பாய். பல வருடம் குவைத்தில் இருந்துவிட்டு வந்து, இந்த வருடம்தான் குளத்தைக் குத்தகைக்கு எடுத்தவர். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். பத்து நாள் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன்.

“தம்பி, ஆத்துல தண்ணி தொறந்து நம்ம கடமடைக்கு வர்றதுக்குள்ள இந்த வேல முடியணும். குஞ்சுக்குச் சொல்லியாச்சு. பத்து நாளுன்னா எனக்கு ஒரு பட்டம் போச்சு.”

“எல்லா மீனும் செத்துருமே பாய்.”

“சாகத்தானே போடுறது? களை மீனு இருந்தா குஞ்ச தின்னுரும்னு மீன்வளப் பயிற்சியில சொல்லிக் குடுத்தாங்க. உங்கள மாதிரி படிச்சவங்கதான் தம்பி சொன்னாங்க. நானா கண்டுபிடிச்சேன்?”

இளநிலைத் தேர்வில் ‘களை மீன்களை அகற்றும் முறைகள்’ என்ற கேள்விக்கு இலுப்பைப் புண்ணாக்கை நானே முதலில் எழுதினேன், முழு மதிப்பெண்ணும் வாங்கினேன்.

“இன்னிக்கி சாயங்காலம் வரைக்கும் கொளம் உங்களுது” என்றார் பாய். “வேணுங்கிறத புடிச்சிக்குங்க. விரால் மட்டும் என் கணக்கு.”

விரால் எடுக்கக் கிளிஞ்சல்மேட்டிலிருந்து மீனவர்கள் நாலு பேர் வந்திருந்தார்கள். கடலில் தடைக்காலம், படகுகள் கரையில் கிடந்தன. அவர்களில் மூத்தவர் செல்வம். இடுப்பளவு தண்ணீரில் நின்று, “அலையே இல்லாத தண்ணியில எப்படிடா நிக்கிறது, தூக்கம் வருது” என்றார். அவர்கள் வலையில் விரால்கள் வந்தன, முழங்கை நீளத்தில். பனையேறி ஒன்றுகூட இல்லை. கண் பெரிய வலை அது, சிறியவை உள்ளே வந்த வழியே போய்விடும்.

மதியத்துக்கு மேல் நான் என் கொசுவலையைப் பிரித்தேன். செல்வம் பார்த்துவிட்டு, “என்ன தம்பி, ராத்திரி இங்கதான் படுக்கையா?” என்றார். சிரித்து முடித்ததும் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.

எங்கே இழுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். வடகிழக்கு மூலையில் கோரை அடர்ந்த இடம், தண்ணீர் முழங்காலுக்குக் கீழே, அடியில் கறுப்புச் சேறு. போன இரண்டு வருடமும் அங்கேதான் கிடைத்தன. முதல் இழுப்பில் ஜிலேபிக் குஞ்சும் ஆராலும் வந்தன. இரண்டாவதிலும் அப்படியே. மூன்றாவதில் செல்வம் கையை உதறினார்.

“சனியன், குத்திப்புட்டுது.”

“அதுதாண்ணே. அதேதான்.”

“நீ ஏன் தம்பி இதுக்கு இப்படி சிரிக்கிற?”

வெயில் தாழும்வரை இழுத்தோம். பத்தொன்பது பனையேறிகள். நீளம் பார்த்து, எடை போட்டு, ஒவ்வொன்றின் முதுகுத் துடுப்பிலும் இரண்டாவது முள்ளின் நுனியைக் கத்தரிக்கோலால் நறுக்கினேன். ஆராய்ச்சியில் அடையாளம் வைக்கும் முறை அது. பிறகு ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் விட்டேன். மூச்செடுக்க ஒவ்வொன்றாக மேலே வந்து போய்க்கொண்டிருந்தன.

ஜமால் பாய் வந்து தொட்டியை எட்டிப் பார்த்தார். “அவ்ளோதானா? எதுத்த குட்டையில விட்டுருங்களேன். அங்க யாரும் மருந்து வக்கப்போறதில்ல.”

சுலபமாகச் சொல்லிவிட்டார். அந்தக் குட்டையில் பனையேறி இல்லை என்பதுதான் என் இரண்டு வருடத்து ஒப்பீடு. நானே கொண்டுபோய் விட்டால் அது அங்கேயே முடிந்துபோகும். வாய்க்காலில் தண்ணீர் இல்லை. நடந்துபோகும் தூரத்தில் இருந்த மற்ற இரண்டு குளங்களும் குத்தகையில் இருந்தன, அங்கும் இதே வைத்தியம்தான். பாட்டில்களில் போடலாம், அதற்குத்தான் வந்தேன். என் வழிகாட்டிப் பேராசிரியைக்கு போன் செய்தேன்.

“பாட்டில்ல போட்டா அது சாம்பிள். குட்டையில விட்டா அது வேற ஆராய்ச்சி” என்றார். “ரெண்டையும் ஒரே தலைப்புல எழுத முடியாது. ஒரு வருஷம் கூட ஆகும். நீ களத்துல இருக்க, நீயே முடிவு பண்ணு.”

நான் அதிக நேரம் யோசிக்கவில்லை. ஒரு மீன் ஏன் ஓரிடத்தில் இல்லை என்று கேட்டுக்கொண்டே, அது இருக்கும் கடைசி இடமும் காலியாவதைப் பக்கத்தில் நின்று குறித்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படவில்லை. இல்லாத இடத்தில் விட்டால் பிழைக்குமா என்று கேட்பதும் விஞ்ஞானம்தான். அந்தக் கேள்விக்கும் பதில் கண்டுபிடிக்க என்னால் முடியும்.

செல்வமும் நானும் தொட்டியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தோம். குட்டையில் எருமைகளைக் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மா நிமிர்ந்தார்.

“என்னத்தங்க விடப் போறீங்க?”

“பனையேறிங்க.”

“யாரக் கேட்டு? மாடு எறங்குற குட்ட இது.”

நியாயமான கேள்வி. பாயிடம் கேட்டேன், பேராசிரியையிடம் கேட்டேன், குட்டைக்கு உரியவர்களிடம் கேட்கத் தோன்றவில்லை. தொட்டியைக் கீழே வைத்து முழுக்கதையையும் சொன்னேன். அவர் எருமையின் முதுகைத் தேய்த்தபடியே கேட்டார்.

“மாட்ட குத்துமா?”

“மாட்ட குத்தாதுங்க” என்றார் செல்வம். “படிச்ச தம்பி, என்னையத்தான் குத்த வச்சிருக்காரு.”

அம்மா சிரிக்கவில்லை. “விடுங்க. ஆனா மீன் இருக்கு, மீன் இருக்குன்னு எழுதி எங்க குட்டையையும் ஏலத்துக்குக் கொண்டாந்துறாதீங்க. மாட்ட நான் எங்க எறக்குறது?”

ஊர்ப்பெயரை மட்டும் எழுதுவேன், குட்டை எங்கே என்று எழுத மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். என் ஆய்வேட்டில் அப்படித்தான் இருக்கும், இங்கேயும் குளம், சாலை, திசை எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்லியிருக்கிறேன். தொட்டியைச் சாய்த்ததும் பத்தொன்பதும் கலங்கலில் மறைந்தன.

இரவு காரைக்காலில் ஒரு லாட்ஜில் தங்கினேன், அறை ஐந்நூறு ரூபாய். மறுநாள் ஆறு மணிக்கெல்லாம் குளக்கரைக்குத் திரும்பினேன்.

ஊறிய புண்ணாக்கை ஆட்கள் வரிசையாக நின்று இறைத்தார்கள். தண்ணீர் சோப்புக் கரைத்ததுபோல நுரைத்தது. கரை முழுக்கக் குண்டான், வாளி, கல்யாண அண்டாகூட இருந்தது. முதலில் கெண்டைப் பொடிகள் வெள்ளையாகத் திரும்பின. பிறகு ஜிலேபி, கெளுத்தி. பெண்களும் ஆண்களும் இறங்கி அள்ளினார்கள். நான் பாத்திரம் பாத்திரமாகப் போய் என்னென்ன மீன் என்று பார்த்தேன். ஆட்டோ ஓட்டுநரின் வீட்டுக் குண்டானில் பனையேறி இருந்தது, வேறு இரண்டு மூன்றிலும் இருந்தது. நேற்று என் வலைக்குத் தப்பியவை அவை.

அப்போது கோரை மூலையிலிருந்து ஒரு பனையேறி கரையேறியது. செவுள் மூடியைத் தரையில் ஊன்றி, உடம்பை வளைத்துத் தள்ளி, ஈரப் புல்லில் ஒருக்களித்தபடி நகர்ந்தது. இரண்டு வருடமாக இதைப் பற்றிப் படித்திருக்கிறேன், கண்ணால் பார்த்தது அன்றுதான். அளவுகோல் கையில் இருந்தும் அப்படியே நின்றுவிட்டேன்.

எனக்கு முன் ஜமால் பாய் குனிந்தார். தோள் துண்டைக் குளத்தில் நனைக்கப் போய், புண்ணாக்குத் தண்ணீர் என்று நினைவு வந்து, குடிக்க வைத்திருந்த பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றினார். மீனைச் சுருட்டி எடுத்துக்கொண்டு சாலையைக் கடந்தார். நான் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

“பாய், ஒரு நிமிஷம். அடையாளம் வைக்கணும்.”

“போன உசுரு பொழச்சு வந்துருக்கு தம்பி, இதயும் நறுக்கணுமா?” என்று குட்டைத் தண்ணீரில் துண்டை உதறினார். “இருபதுன்னு எழுதிக்குங்க.”

மதியப் பேருந்தில் ஏறினேன். வேறு கண்டக்டர். பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “காலியா? இதுக்கெல்லாம் லக்கேஜு வேணாம்” என்றார். உள்ளே நாற்பது பாட்டில்களும் காலியாகவே குலுங்கின.

எங்கள் ஊர் பெரம்பலூர்ப் பக்கம். அங்கேயும் ஒரு பெரிய ஏரி இருக்கிறது. அதில் என்ன மீன்கள் இருந்தன என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எது எப்போது போனது, யார் என்ன செய்ததால் போனது என்று ஒருவருக்கும் தெரியாது. குரும்பகரத்தில் அப்படிச் சொல்ல முடியாது. ஒரு மீன் எந்த நாளில், எந்தச் சாலையைக் கடந்து, எந்தத் தண்ணீருக்குப் போனது என்று எனக்குத் தெரியும். எருமை கழுவும் அம்மாவுக்கும், கிளிஞ்சல்மேட்டுச் செல்வத்துக்கும், ஜமால் பாய்க்கும் தெரியும்.

ஐப்பசி மழை பிடித்ததும் அந்தக் குட்டையில் வலை போடுவேன், அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டு. முள் நறுக்கிய மீன் வந்தால் அது நான் விட்டது. நறுக்காத சின்ன மீன் வந்தால் அது அங்கேயே பிறந்தது. நறுக்காத பெரிய மீன் ஒன்று வந்தால், அதை யார் விட்டது என்று ஆய்வேட்டில் பெயரோடு எழுதுவேன்.