ஒன்றரை அவுன்ஸ் அடாப்டர்

டெல்ஃபினா ஆர்விசு எந்தப் பொருளைக் கையில் வாங்கினாலும் விலை கேட்பதற்கு முன்னால் எடை சொல்லிவிடுவார். ரெட் டேங்க் தபால் நிலையத்தில் இருபத்தாறு வருஷம், ஒரே கவுண்ட்டர். பொட்டலத்தை உள்ளங்கையில் வைத்து லேசாகத் தூக்கிப் பார்த்து "ஒன்பது அவுன்ஸ்" என்பார். தராசும் அதையேதான் சொல்லும்.

அந்த அக்டோபரில் மட்டும் தராசை அந்தம்மா நம்பவில்லை. மதிய இடைவேளையில் கதவைச் சாத்திவிட்டு ஒரே சாமானை மூன்று தடவை வைத்து எடுப்பார். எதிரில்தான் நான் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கூடம். சாப்பாட்டு டப்பாவோடு பின்வாசல் வழியாகப் போய் உட்காருவேன். எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது: விசாக் கடிதம் வந்ததா, இன்றைக்காவது வந்ததா என்று கேட்பது. நாங்கள் இரண்டு பேருமே நகம் கடிக்கும் ஜாதி.

கவுண்ட்டரில் மூன்று அடாப்டர்கள் இருந்தன. மலைமேல் மான் தேடும் பைனாகுலரை ட்ரைபாட் முக்காலி மேல் உட்கார வைப்பதற்கான சின்னப் பொருள், அவ்வளவுதான். பைனாகுலரின் இரண்டு குழாய்க்கும் நடுவில், முன்பக்கம், ஒரு மூடி இருக்கும். அதைத் திருகி எடுத்தால் ஓட்டை. அந்த ஓட்டையில்தான் இதை முடுக்க வேண்டும்.

முதலாவது இரும்புக் கோணம். ஏழு அவுன்ஸ். மலையே நகர்ந்தாலும் அது நகராது. இரண்டாவது பிளாஸ்டிக். மூன்று அவுன்ஸ்கூட இல்லை. ஆனால் காற்றடித்தால் பைனாகுலர் தலையாட்டும். மூன்றாவது கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய அலுமினியக் கிண்ணம். பைனாகுலரில் ஒரு குமிழ், ட்ரைபாடில் இந்தக் கிண்ணம். கிட்டே கொண்டுபோனாலே டக்கென்று உட்காரும். இழுத்தால் வந்துவிடும். ஒன்றரை அவுன்ஸ்.

"ஒன்றரை!" என்றார் டெல்ஃபினா. "ரெண்டு தபால்தலை ஒட்டி அனுப்பிடலாம் இத."

"அஞ்சரை அவுன்ஸுக்காகவா இந்தப் பாடு?" என்றேன்.

"நீ எத்தன அடி ஏறியிருக்கே?"

"எங்க பள்ளிக்கூட மாடி."

"அப்ப வாய மூடிட்டுச் சாப்பிடு."

முழங்கால் டாக்டர் பன்னிரண்டு பவுண்டுக்கு மேல் முதுகில் ஏற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார். தண்ணீர், பைனாகுலர், ட்ரைபாட், மேல்சட்டை எல்லாம் சேர்த்து. அதற்காக அந்தம்மா பல்துலக்கும் பிரஷின் காம்பைக்கூட ரம்பத்தால் பாதியாக அறுத்திருந்தார். வேட்டைக்கு மலையேறும் இந்த ஊரில் இதைப் பார்த்து யாரும் சிரிக்கமாட்டார்கள். அறுக்காதவனைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

ஆனால் முழங்கால் பெரிய விஷயம் இல்லை. பிப்ரவரியில் எனக்கு வந்த ஒரு பதிவுத் தபாலுக்குக் கையெழுத்து வாங்க ரசீதை நீட்டினார். தாள் படபடவென்று அடித்துக்கொண்டது. மின்விசிறி ஓடவில்லை. நான் தாளைப் பார்த்தேன், அந்தம்மா என்னைப் பார்த்தார். உடனே கையைக் கவுண்ட்டர்மேல் அழுத்தி வைத்துக்கொண்டார்.

"ஒரு வருஷத்துக்கு மேல இப்படி" என்றார். "நடுக்கம்னு பேர் சொல்றாங்க, காரணம் சொல்லல. என் அண்ணன் காதுக்குப் போச்சுன்னா உன் தபாலையெல்லாம் அலாஸ்காவுக்குத் திருப்பிடுவேன்."

அண்ணன் எலோய்க்கு அறுபத்திநாலு வயது. ஆர்விசு குடும்பத்தில் அவர் துப்பாக்கி, டெல்ஃபினா கண். அப்பா வைத்துவிட்டுப் போன ஏற்பாடு அது. கண் என்றால் விடியும்போதே மலைநெற்றியில் போய் உட்கார்ந்துவிட வேண்டும். எதிர்ச்சரிவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, வெள்ளைவால் மான் ஒரு காதை அசைக்கும்வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மான் அகப்பட்டதும் திசைகாட்டியை வைத்து டிகிரியைக் காகிதத்தில் எழுதித் தருவார். அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு எலோய் பள்ளத்தில் இறங்குவார். உள்ளே போய்விட்டால் அவருக்கு மானும் தெரியாது, மலையும் தெரியாது. இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்று, திரும்பித் தங்கச்சியின் தொப்பியைப் பார்ப்பார். தொப்பி தலையில் இருந்தால், போய்க்கொண்டே இரு. ஓடைப் பக்கம் நீட்டியிருந்தால், ஓடைப் பக்கம் ஒதுங்கு. தொப்பி ஆடினால், மான் ஓடிவிட்டது, திரும்பி வா.

போன வருஷம் தொப்பியை ஓடைப் பக்கம் நீட்டினார். கை ஆடியது. எலோய் திரும்பி வந்துவிட்டார். மான் படுத்த இடத்திலேயே கிடந்தது. அதை டெல்ஃபினா சொல்லவில்லை. "ஓடிருச்சு" என்றார்.

மான் ஓடிய சத்தமே கேட்காத எலோய்க்கு அது பிடிபடவில்லை. தங்கச்சிக்குப் பார்வை போய்விட்டதென்று நினைத்துக்கொண்டார். "இந்த வருஷமும் ஒரு தடவை பார்க்கிறேன்" என்றாராம். "சரியா வரலேன்னா அடுத்த வருஷம் மேல உட்கார வேற ஆள் இருக்கு. நீ கூடாரத்துல பீன்ஸ் பானைய பாத்துக்க."

மூன்றையும் பார்த்து முடித்துக் கடைசியில் கிண்ணத்தைத்தான் எடுத்தார். முடிவெடுத்த பிறகும் நிம்மதி இல்லை. ராத்திரியில் எழுந்து பிரஷை இன்னும் கொஞ்சம் அறுத்தேன் என்று மறுநாள் சொன்னார்.

*

டிசம்பரில் என்னையும் கூட்டிப்போனார்கள். எனக்குத் துப்பாக்கியும் இல்லை, மானும் வேண்டாம். தண்ணீர் சுமக்க ஒரு முதுகு வேண்டும், அவ்வளவுதான்.

"வாத்தியாரே, கறி திங்காத ஆளு வேட்டைக்கு எதுக்கு?" என்றார் எலோய்.

"பீன்ஸுக்கு."

"அப்ப நீயும் இவளும் ஒரே பானைதான்." சொல்லிவிட்டுத் தங்கச்சியைப் பார்த்தார். டெல்ஃபினா பையின் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டார்.

மேலே குளிர் காதைக் கடித்தது. ட்ரைபாடை நிறுத்திப் பைனாகுலரைக் கிட்டே கொண்டுபோனார். டக். உட்கார்ந்துகொண்டது. கண்ணை வைத்தார். எடுக்கவில்லை. கை இரண்டும் மடியில் தனியாக ஆடிக்கொண்டிருந்தன, பைனாகுலர் கல்மாதிரி நின்றது. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. ஒரு பக்கம் உட்கார்ந்தேன், மறுபக்கம் உட்கார்ந்தேன்.

"எறும்பு கடிக்குதா?"

"இல்ல."

"அப்ப எறும்ப நீ கடிக்காதே. உட்காரு."

ஒன்பது மணிக்கு மூச்சை இழுத்தார். எதிர்ச்சரிவில், ஜூனிப்பர் மர நிழலில், கொம்பு. நான் அதே இடத்தை ஐந்து நிமிஷம் பார்த்துவிட்டுச் சுள்ளி என்றேன். அந்தச் சுள்ளி தலையைத் திருப்பியது.

முன்பெல்லாம் திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துத்தான் டிகிரி பார்ப்பார். இப்போது கையில் வைத்தால் முள் நிற்காது. அதனால் பைனாகுலரைக் கழற்றிவிட்டு, ட்ரைபாடின் தலையில், கிண்ணத்தின் மேலேயே திசைகாட்டியை வைத்தார். முள் ஆடாமல் நின்றது. இருநூற்று அறுபத்திரண்டு. எழுதிக் கொடுத்தார்.

எலோய் காகிதத்தைப் பார்த்தார், சரிவைப் பார்த்தார். "நீ காட்டுறது கொஞ்சம் ஓடைப் பக்கமா இல்ல?"

"கண்ணு யாரு, நீயா நானா?"

காகிதத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார்.

நாற்பது நிமிஷம் கழித்துப் பள்ளத்திலிருந்து மேலேறினார், ஆனால் தப்பான வாய்க்காலில். மானுக்கும் அவருக்கும் நடுவில் இரண்டு மேடு. டெல்ஃபினா காகிதத்தில் எழுதிய எண்ணை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். திசைகாட்டியை மறுபடி எடுத்துத் தரையில், பாறைமேல் வைத்தார். இருநூற்று நாற்பது. ட்ரைபாடுக்குக் கொண்டுபோனார். போகப்போக முள் நாயின் மூக்குமாதிரி கிண்ணத்தின் பக்கம் திரும்பியது.

"காந்தம்" என்றார். ஒரு கெட்ட வார்த்தையும் சொன்னார். "டக்குனு உட்காருதே, எதனால உட்காருதுன்னு யோசிச்சேனா நான்?"

எலோய் நின்று திரும்பினார். தொப்பியைப் பார்க்கும் நேரம். டெல்ஃபினா தொப்பியைக் கழற்றினார், ஓடைக்கு எதிர்ப்பக்கம் நீட்டப்போனார். பாதியில் நிறுத்தினார். கை முழங்கையிலிருந்தே ஆடியது.

"நான் பிடிக்கிறேன்" என்றேன்.

"உன் கையப் பாரு."

பார்த்தேன். பயத்தில் அதுவும் ஆடிக்கொண்டிருந்தது.

அடுத்து டெல்ஃபினா செய்ததெல்லாம் குத்துக்காலிட்டபடியே, எழாமலே நடந்தது. ட்ரைபாடின் கைப்பிடியை ஓடைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி முடுக்கினார். தொப்பியின் கழுத்துக்கயிற்றை அதில் மாட்டினார். காற்று வந்தது. தொப்பிக்குள் ஒரு கல்லைப் போட்டார். தொப்பி அசையாமல் தொங்கியது.

"இப்ப மான யார் பார்க்கிறது?"

"நான்தான். முதுகத் திருப்பு."

என் தோள்மேல் பைனாகுலர் வந்து விழுந்தது. என் காதுக்குப் பக்கத்தில் அந்தம்மாவின் மூச்சு.

"ஆடாதே."

"ஆடல. மூச்சு விடுறேன்."

"கொஞ்சமா விடு."

"நெஞ்சு அடிக்குது."

"அதையும் கொஞ்சம் நிறுத்தி வை."

எலோய் ரொம்ப நேரம் எங்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குக் கழுத்து வலித்தது. அப்புறம், "போறான்" என்று காதில் கேட்டது. "முதல் மேடு... ஏறிட்டான்... ரெண்டாவது. படுத்துட்டான். மான் எந்திரிக்குது, எந்திரிக்குது—"

ஒரே வெடி.

*

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எலோய் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார்.

"இருநூத்தி அறுபத்திரண்டா அது?"

டெல்ஃபினா திசைகாட்டியைக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். முள் ஓடியது.

"ரெண்டு மாசமா அத எடை போட்டியே. காந்தம்னு பெட்டியிலயே போட்டிருப்பானே."

"எடை எவ்வளவுன்னு மட்டும்தான் படிச்சேன்."

எலோய் சிரிக்க ஆரம்பித்தார், பாதியில் நிறுத்தினார். "தொப்பி ஆடல இன்னிக்கு" என்றார். "கல்லு மாதிரி நின்னுது. போன வருஷம் ஆடிச்சு."

டெல்ஃபினா கைகளைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டார். நான் மரத்தைப் பார்த்தேன். பார்க்க அங்கே வேறு ஒன்றும் இல்லை.

"போன வருஷம் மான் ஓடல" என்றார் டெல்ஃபினா.

கைகளை வெளியே எடுத்து அண்ணன் முன்னால் நீட்டினார். எலோய் பார்த்தார். கத்தியைத் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம்."

"என்கிட்ட சொல்லல."

"சொன்னா பானைகிட்ட உட்கார வச்சிருப்பே."

"வச்சிருப்பேன்" என்றார் எலோய். குனிந்து மானை அறுத்துக் கட்டினார். எங்களுக்கு முன்னாலேயே இறங்கினார். டெல்ஃபினா வழியெல்லாம் ட்ரைபாடைத் தோள் மாற்றித் தோள் மாற்றிச் சுமந்து வந்தார். கனம் இல்லாத சாமான் அது.

கூடாரத்தில் மானின் முதுகுச்சதையில் ஒரு துண்டு வெட்டி, வாணலியில் போட்டு, உப்பு மட்டும் தூவினார் எலோய். அந்த முதல் துண்டு கண்ணாக உட்கார்ந்தவருக்குப் போகும், அவர்கள் வழக்கம் அப்படி. துண்டு வெந்து முடிந்தும் அதைத் திருப்பிக்கொண்டே இருந்தார். டெல்ஃபினா உட்கார்ந்தார், எழுந்தார், விறகை நகர்த்தினார், நகர்த்தியதைப் பழைய இடத்திலேயே வைத்தார்.

"உட்காரு" என்றார் எலோய். தட்டை அந்தம்மா மடியில் வைத்தார். "பாத்திரமெல்லாம் நீதான் கழுவணும். இருபத்திரண்டு டிகிரி தப்பு. அப்பா இருந்தா மலையிலேர்ந்து உருட்டி விட்டிருப்பார்."

"கழுவுறேன்."

"அடுத்த வருஷம் தொப்பிக்குத் தனியா ஒரு கம்பு கொண்டு வா. வாத்தியார் தோள் ரொம்ப ஆடுது. பாதி நேரம் நீ என்னையா மானையா பார்த்தேன்னே எனக்குச் சந்தேகம்."

டெல்ஃபினா தட்டை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அதிலிருந்த கரண்டி கலகலவென்று சத்தம் போட்டது. யாரும் அதைக் கேட்காத மாதிரி நடிக்கவில்லை. எலோய் கரண்டியை எடுத்துக் கீழே வைத்தார்.

செவ்வாய்க்கிழமை மதியம் பின்வாசல் வழியாகப் போனேன். தராசில் ஏழு அவுன்ஸ் இரும்புக் கோணம் இருந்தது. பக்கத்தில் கூடாரக் கம்பு ஒன்று, நடுவில் அறுபட்டு. கிண்ணம் தபால் நிலையத்து இரும்பு அலமாரியில் ஒட்டிக்கொண்டு, எனக்கு வந்த ஒரு கடித உறையைப் பிடித்திருந்தது.

"உன் விசா" என்றார், தலையைத் தூக்காமல். "ரெண்டு அவுன்ஸ். பிரிக்காதே, முதல்ல இதச் சொல்லு. கோணமும் கம்பும் சேர்ந்து பதினொண்ணே கால் அவுன்ஸ் வருது. சட்டையில எத்தன பொத்தான் இல்லாம இருக்கலாம்?"