புகைபோக்கி வைத்த அரண்மனை

நாடகத் திரை ஓவியர் சின்னையா செவ்வாய்க்கிழமை காலை எல்கடுவைத் தேயிலைத் தோட்டத்தில் காலமானார். பஸ் கண்டக்டர் ஒருவர் சொன்ன செய்தி அது. பத்திரிகைக்கு எழுதுமுன் உறுதி செய்யத் தோட்டத்துக்குப் போனேன். தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் வாசலில் அவர் மனைவி ராக்கம்மா இருந்தார். "ஆமாங்க தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டு சாஞ்சாரு, அவ்வளவுதான்" என்றார்.

மாத்தளைப் பக்கம் நாடகம் பார்த்தவர்கள் எல்லோரும் அவர் தீட்டிய காட்டையும் கோயிலையும் பார்த்தவர்கள்தாம்.

1950களின் தொடக்கத்தில் அவர் தேயிலைச் செடிகளின் கிளை கழிக்கும் கவ்வாத்து வேலை செய்துகொண்டிருந்தார். தோட்டத்துத் திருவிழா நாடகத்துக்கு அரண்மனைத் திரை வேண்டுமென்றார்கள். சாக்குகளைப் பிரித்துத் தைத்து, சுண்ணாம்பு பூசி வரைந்தார். ஆனால் அவர் அரண்மனை எதையும் பார்த்ததில்லை. திரை விரிந்ததும் ஒரு பெண் கத்தினாள்: "அடியே, நம்ம தொரை பங்களாடி!" தோட்டத்தை நிர்வகித்த துரையின் வீட்டைப் போலவே சிவப்புத் தகரக் கூரை, இரண்டு புகைபோக்கிகள், வாசலில் ரோஜாத் தொட்டி. ராஜா நுழைந்ததும் கூட்டம் எழுந்து நின்று "சலாம் தொரை!" என்றது. முதல் வசனத்தைச் சொல்ல ராஜாவுக்கு வெகு நேரமாயிற்று. செய்தி எடுக்கப் போன நானும் சிரித்தேன்.

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில், வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை சிரிக்கவில்லை. "தொரையக் கேலி பண்ணுறியா? பேரை வெட்டிருவேன்" என்றார். வேலைப் பதிவில் பேர் போனால் லயத்து அறையும் போகும். அதே வாரம், மாத்தளையில் நாடகக் குழு நடத்திவந்த காதர் நானா அந்தத் திரையைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆளனுப்பிக் கூப்பிட்டார். "கை இருக்குது உனக்கு. ஆனா முழு நேரமும் வரணும். தோட்டத்தையும் வச்சிக்கிட்டு இதைச் செய்ய ஏலாது."

சின்னையாவுக்குத் துணிவில்லை. மூன்று பிள்ளைகளை எங்கே படுக்க வைப்பது? முடிவெடுத்தவர், அதே தோட்டத்தில் கொழுந்து பறித்துவந்த ராக்கம்மா. "எம் பேரு பதிவுல இருக்கு, ரூம் நிக்கும். நீங்க போய் வரைங்க. ராஜாவுக்கு மட்டும் சிம்னி வேணாம்."

"பொம்பளை பேருல ரூமா?" என்றார் கணக்கப்பிள்ளை.

"கொழுந்து மட்டும் பொம்பளை கையால வேணுமாங்க ஐயா?"

அறை நின்றது. சின்னையா மாத்தளைக்கு இறங்கினார். அதன்பின் தூரிகையைத் தவிர வேறெதையும் பிடித்து அவர் பிழைக்கவில்லை.

ஒருமுறை யட்டவத்தையில் ஒரு பள்ளி மேடைக்குத் திரை கட்டி முடித்ததும், கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தார். ஏன் என்று கேட்டேன். "முன்னால ஒக்காந்திருக்கிறவரு எப்படியும் கைதட்டுவாருங்க. கடைசியில இருக்கிறவன் மூணு மைல் நடந்து வந்திருக்கான். அவனுக்கு மரம், மரமாவே தெரியணும்." ஒவ்வொரு செய்தியையும் அனுப்புமுன் அந்தக் கடைசி வரிசை மனிதனை நினைத்து ஒருமுறை படித்துப் பார்க்கிறேன். சின்னையாவிடமிருந்து என்னிடம் தங்கியது இந்தப் பழக்கம்.

ஒரு காரியம் மட்டும் பாக்கி. மரண அறிக்கையில் தொழில் என்ற இடத்தில், லயத்தில் இருந்தவர்தானே என்று, தோட்ட அலுவலகம் 'தோட்டத் தொழிலாளி' என எழுதி அனுப்பியிருக்கிறது. ராக்கம்மா பிறப்பு இறப்புப் பதிவாளரிடம் நேரில் போய்விட்டார். "தொழிலாளி நானுங்க. அவரு ஓவியரு" என்றாராம். திருத்துவது பற்றித் திங்கட்கிழமை சொல்வதாகப் பதிவாளர் கூறியிருக்கிறார்.