ஆயிரம் மீட்டருக்குள் ஒரு பதில்

தண்ணீர் வரி அலுவலகத்தில் அவரை எல்லாரும் ‘சாம்பியன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதில் கால்வாசி மரியாதை, முக்கால்வாசி கிண்டல் என்பது அவருக்கும் தெரியும். துடுப்புப் படகில் ஒன்பது வருடம் தேசிய சாம்பியனாக இருந்தவர், இப்போது இரண்டு மாடி ஏறினால் நாற்காலி தேடுகிறார். உட்கார்ந்துகொண்டே, அதுவும் முதுகைக் காட்டிக்கொண்டே ஜெயிக்கிற விளையாட்டைத்தானே ஆடினேன், நிற்கச் சொன்னால் எப்படி என்பார்.

அது உண்மைதான். துடுப்பு வலிக்கிறவர்களுக்குப் போகிற வழி தெரியாது. கடைசியில் சுக்கானைப் பிடித்து உட்காரும் ஒல்லியான ஆளுக்கு மட்டும்தான் தெரியும். முதல் துடுப்பான சாம்பியனுக்கு எதிரே தெரிவது அந்த ஆளின் முகம். அந்தத் தோளுக்குப் பின்னால், தோற்றுக்கொண்டே வருகிற மற்றப் படகுகள். அந்தக் காட்சிக்குத்தான் மனிதர் அடிமை.

குடும்பத்தையும் ஏறக்குறைய முதுகைக் காட்டித்தான் நடத்தினார். மகள் பிறந்தபோது பயிற்சி முகாமில் இருந்தார். மூன்று மாதம் கழித்து வந்து தூக்கியதும், காய்த்துப்போன உள்ளங்கை உரசிக் குழந்தை வீறிட்டது. அப்பாவை அடையாளம் கண்டுகொண்டாள் என்று ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டார்.

மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவருடைய போட்டிகளுக்காக இரண்டு முறை பதவி உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவள். மகள் வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போன பிறகு, மூன்றாவது முறையாக வந்திருக்கிறது. தலைமை நர்ஸ் வேலை, ஆனால் ஆறு மணி நேரம் தள்ளியிருக்கிற ஊரில். அங்கே ஆறும் கிடையாது, ஏரியும் கிடையாது. திங்கட்கிழமை பதில் சொல்ல வேண்டும். நீங்களும் வருவீர்களா என்று மூன்று வாரமாகக் கேட்கிறாள். அவள் கேட்கும்போதெல்லாம் அவருக்குப் பயிற்சிக்கு நேரமாகிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மூத்தோர் போட்டி. சுக்கான் பிடிக்கிற தையல்காரருக்கு அன்று பார்த்துக் காய்ச்சல். வேடிக்கை பார்க்க வந்திருந்த சாம்பியனின் மனைவியைப் பல் டாக்டர் கைகாட்டினார். சாம்பியனுக்கு நேர் பின்னால் வலிக்கிற இரண்டாவது துடுப்பு இந்த டாக்டர். அவள் மறுபேச்சுப் பேசாமல் ஏறி உட்கார்ந்தாள்.

முன்னூறு மீட்டர் வரை “வலி, வலி” என்று ஒழுங்காகத்தான் சொன்னாள். பிறகு அதே தாளத்தில், “நாளைக்கு நான் என்ன சொல்லட்டும்? வலி. வருவீங்களா, மாட்டீங்களா? வலி” என்றாள்.

எழுந்து போக வழியில்லை. கால்கள் படகோடு பொருத்திய ஷூவுக்குள் மாட்டியிருந்தன. மூச்சு வாங்கியதில் சமாளிக்க ஒரு பொய்கூட வாயில் வரவில்லை.

முதுகுக்குப் பின்னாலிருந்து பல் டாக்டர், “சொல்லித் தொலைங்க சார், தாளம் தப்புது” என்றார்.

சாம்பியன் நிமிர்ந்து பார்த்தார். தையல்காரருக்கு மீசையோரம் எத்தனை மரு என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். இவளுக்குக் காதோரம் இவ்வளவு நரை எப்போது வந்தது என்று தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தில் துடுப்பு தண்ணீருக்குள் சிக்கி, பிடி வயிற்றில் இடித்தது. படகு தள்ளாடியது. இரண்டு பக்கமும் மற்றவர்கள் கடந்து போனார்கள்.

“வரேன்” என்றார்.

“சத்தமா.”

“வரேன்.”

“சரி. வலி.”

கடைசியாகத்தான் வந்தார்கள். அவள் தோளுக்குப் பின்னால், அவர் வாழ்க்கையிலேயே முதல் முறையாக, ஒரு படகும் இல்லை. வேறு பார்க்க ஒன்றும் இல்லாததால் அவளையே பார்த்துக்கொண்டு வலித்தார். எல்லைக் கோட்டைத் தாண்டியதுகூடத் தெரியாமல் வலித்துக்கொண்டிருந்தவரிடம், “போதும், வந்தாச்சு” என்றாள் அவள்.