முகம் பார்க்கும் வயது

என் மகன் பிறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் மாடியில் ஒரு வாடகை வீடு. குழந்தையைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "முகம் பார்க்குதா?" பார்த்தது. என்னைப் பார்த்தது, கீழ்வீட்டு அக்காவைப் பார்த்தது, கேஸ் சிலிண்டர் போட வந்தவரைக்கூடப் பார்த்தது. பெற்ற அப்பனை மட்டும் பார்க்கவில்லை.

அவருக்கு அது பொறுக்கவில்லை. ('அவர்' என்று எழுதுவது பழக்கதோஷம், மரியாதை இல்லை.) முதலில் கிலுகிலுப்பையைச் சுவரில் அடித்து உடைத்தார். அடுத்த வாரம் சோற்றுத் தட்டு பறந்தது. "இன்னாடி சொல்லி வெச்சிக்கீற என் புள்ளைகிட்ட?" என்று என் தலைமுடியைப் பிடித்து ஆட்டினார். ஒரு மாதக் குழந்தையிடம் நான் என்னத்தைச் சொல்லி வைப்பது?

கண்ணில் கோளாறோ என்று பயந்து, கிழக்குத் தாம்பரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். டார்ச் அடித்துப் பார்த்தார். "கண்ணு நல்லா இருக்கு. இந்த வயசுல கண்ணு, மூக்கெல்லாம் மங்கலாத்தான் தெரியும். கறுப்பு முடியும் நெத்தியும் சேர்ற கோட்டைத்தான் குழந்தை பார்க்கும். சார் மொட்டை அடிச்சிருக்கார். எதைப் பார்க்கும்?"

பிள்ளை நல்லபடியாகப் பிறந்ததற்கு அடித்த வேண்டுதல் மொட்டை அது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது.

வீட்டுக்குள் நுழைந்ததும் எவர்சில்வர் செம்பு என் நெற்றியைப் பிளந்தது. ரத்தம் கண்ணில் இறங்கியது. பிறகு அவர் தொட்டிலில் குனிந்து, குழந்தையின் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினார். "பார்றா! அப்பன்டா நானு!" பிஞ்சுக் கன்னத்தில் விரல்கள் பதிந்தன. குழந்தை வீறிட்டு, மூச்சுவிட மறந்து நீலம் பாரித்தது. நான் அந்தக் கையைக் கடித்தேன். எலும்பு தட்டும்வரை விடவில்லை. முதுகில் விழுந்த குத்துகள் அப்போது வலிக்கவே இல்லை. அவர் கையை உதறிக்கொண்டு விலகியதும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கூடுவாஞ்சேரிக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். தலையில் முடி அடர்ந்திருந்தது. என் கையிலிருந்த மகன் அவரையே உற்றுப் பார்த்தான். பொக்கை வாயைத் திறந்து சிரித்தான். அவர் வாசலிலேயே குலுங்கி அழுதார். "மொகம் பாக்குறான்டி! என்னைப் பாக்குறான்!" பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"குடுடி," என்று இரண்டு கையையும் நீட்டினார்.

"அவன் உங்க முகத்தைப் பார்க்கிறான். நான் உங்க கையைப் பார்க்கிறேன்," என்றேன். கொடுக்கவில்லை.