ராணியம்மாவின் பாகம்

பல்செட்காரர் என்று கேட்டால் அந்த வட்டாரத்தில் யாரானாலும் வீட்டைக் காட்டுவார்கள். பல் டாக்டர்கள் நோயாளியின் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். இவர் அதில் பிளாஸ்டரை ஊற்றித் தாடையை எடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பற்களை ஒவ்வொன்றாகப் பொருத்தி, பளபளவென்று தேய்த்துத் திருப்பி அனுப்புவார். முன்னறைதான் பட்டறை. சுவரோரத் தட்டுகளில் வெள்ளைத் தாடைகள் மேல்வாயும் கீழ்வாயுமாக ஜோடி ஜோடியாக உட்கார்ந்திருக்கும். புதிதாக வரும் கூரியர்காரர்கள் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்கள். இவருக்கு அதில் ஒரு அல்ப சந்தோஷம்.

மனைவி பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுண்டரில் வேலை பார்த்தவர். நுரையீரலில் நோய் வந்து, படியேறினால் மூச்சு வாங்க ஆரம்பித்து, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அழுகை, ஆறுதல், உறவுக்காரர்களின் உபதேசம் எல்லாம் முடிந்து பல்செட்காரர் மறுபடி வேலையில் உட்கார்ந்தார். ஆள் தேறிவிட்டார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் காலையில் ஒரு கோரைப்பல்லைப் பொருத்திக்கொண்டிருந்தபோது, சமையலறையிலிருந்து மனைவி "சாப்பிட வாங்க" என்று கூப்பிடுவதை மனசுக்குள் கேட்டுப் பார்த்தார். வார்த்தை வந்தது. குரல் வரவில்லை. வேறு ஏதாவது சொல்ல வைத்துப் பார்த்தார். எல்லாம் அவருடைய சொந்தக் குரலிலேயே வந்தது. கையிலிருந்த பல் கீழே விழுந்து மேஜைக்கு அடியில் ஓடியது. அவர் அதைத் தேடவில்லை. இத்தனை வருஷம் கூட இருந்தவளின் குரல், ஒரு மழைக்காலத்துக்கும் அடுத்த கோடைக்கும் நடுவில் எங்கே தொலைந்தது?

மனைவியின் போனைத் துழாவினார். புகைப்படங்கள் கொட்டிக் கிடந்தன. வீடியோக்களில் மகள் பேசினாள், பேரன் பாடினான், இவர் நடு வீட்டில் நின்று அரசியல் பேசினார். எடுத்தது எல்லாம் அவள். எடுக்கிறவள் பேசினால் கெட்டுப்போகும் என்று வாயை மூடிக்கொண்டே எடுத்திருக்கிறாள், புண்ணியவதி. மகள் போனிலும் தேடச் சொன்னார். அங்கேயும் ஒன்றும் கிடைக்கவில்லை. அம்மா எதையும் பேசி அனுப்ப மாட்டாங்க, ஒண்ணு டைப் பண்ணுவாங்க இல்ல நேரா கூப்பிடுவாங்க என்றாள் மகள். கூடவே, போன தடவை வந்திருந்தபோது பார்த்த இன்னொன்றையும் சொன்னாள். அம்மாவின் போன் இன்னும் உயிரோடு இருக்கிறது, ஞாயிறு மதியம் ஆனால் அந்த நாடகக் குழுவிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருக்கிறது, அவர்களிடம் விஷயத்தைச் சொல்லி மூடிவிடுங்கள் என்றாள்.

நாடகக் குழு என்றால் மேடையேறுகிற கூட்டம் இல்லை. புத்தகப் பைத்தியங்கள் கொஞ்சப் பேர். ஆளுக்கொரு ஊர், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. மிகப் பழைய நாடகங்களை எடுத்து, ஆளுக்கொரு பாத்திரமாகப் பிரித்துக்கொண்டு, வாராவாரம் இணையத்தில் சேர்ந்து உரக்கப் படிப்பார்கள். படித்து முடித்ததும் அதைப் பற்றியே அடுத்த ஞாயிறு வரைக்கும் எழுதித் தள்ளுவார்கள். அந்த நேரத்தில் மனைவி பின்னறைக்குப் போய்விடுவார். பல்செட்காரருக்கு அது மதியத் தூக்கத்தின் நேரம்.

அந்த ஞாயிறு அழைப்பு வந்தபோது எடுத்தார். திரையில் மூன்று கட்டங்கள், முகமில்லாமல். முதலில் ஒரு பெண் குரல். குழுவை நடத்துகிறவர், மருந்துக்கடை வைத்திருக்கிறவர் என்று பிறகு தெரிந்தது.

"ராணியம்மா வந்துட்டாங்க. ஆரம்பிச்சிடலாமா?"

ராணியம்மா யார் என்று யோசித்தார். பிறகுதான் புரிந்தது, அவர் மனைவிக்கு அங்கே அதுதான் பெயர். எந்த நாடகமாக இருந்தாலும் ராணி வேஷம் அவருக்குத்தானாம். டிக்கெட் கவுண்டரில் சில்லறைக்குச் சண்டை போட்டவளுக்கு இங்கே ராஜ்ஜியம் இருந்திருக்கிறது. இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருடைய மைக் மூடியிருந்தது. அதைத் திறக்கத் தெரியவில்லை. தடவிக்கொண்டிருக்கும்போதே வாசிப்பு ஆரம்பித்துவிட்டது.

ஆறு வற்றிப்போன ஒரு நாட்டின் கதை. பழி ராணியின் தலையில் விழுகிறது. அவள் கடல் தாண்டிப் போய்விட்டால் தண்ணீர் வரும் என்கிறார்கள். ராஜாவாக ஒரு பஸ் டிரைவர், கரகரத்த குரலில், அடுத்த நிறுத்தத்தைச் சொல்வதுபோலப் படித்தார். மந்திரியாக டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற வாத்தியார். ராஜா கேள்வி கேட்டு நிறுத்தினார். அடுத்து ராணி பேச வேண்டும்.

யாரும் பேசவில்லை. பல்செட்காரர் போனைக் காதருகே கொண்டுபோனார். மின்விசிறியின் கிறீச்சொலி மட்டும் கேட்டது. பேச்சு நீளமானது போலிருக்கிறது, அமைதி நீண்டுகொண்டே போனது. நடுவில் டிரைவர் எதற்கோ மெல்லச் சிரித்தார். மருந்துக்கடை அம்மாவும் அதே நொடியில் சிரித்தார். பிறகு வாத்தியார், யாரோ முடித்ததும் சட்டென்று தொடங்குகிறவர்போல, மந்திரியின் பதிலைப் படித்தார்.

அன்றைய காட்சி முடிந்ததும் வாத்தியார் சொன்னார்: "ராணியம்மா, அந்தக் கடைசிப் பேச்சுல மூச்சு வாங்கிக்கிட்டே பேசினீங்களே, பிரமாதம். நிஜமாவே கோட்டைப் படி ஏறி வந்தவ மாதிரி இருந்துச்சு."

பல்செட்காரர் போனை அணைத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தார். வெளியே நல்ல வெயில். தெருவில் யாரோ பழைய பேப்பருக்குக் கூவிக்கொண்டு போனார்கள். இந்த மாதிரி நேரத்தில் பயம் வருவது எவ்வளவு அசிங்கம் என்று தன்னைத் தானே திட்டிக்கொண்டு, உள்ளே போய் எல்லா விளக்கையும் போட்டார்.

அடுத்த ஞாயிறு மறுபடி அழைப்பு வந்தது. சொல்லிவிட வேண்டும் என்றுதான் எடுத்தார். இதற்குள் மைக்கைத் திறக்கக் கற்றுக்கொண்டிருந்தார். ஆனால் திறக்கவில்லை. சொல்லிவிட்டால் நின்றுபோகுமே. அங்கே மூன்று பேருக்கு அவள் குரல் கேட்கிறது. எப்படி, ஏன் என்பதெல்லாம் அப்புறம். தனக்கும் ஒரே ஒரு தடவை கேட்டால் போதும். பயத்தைவிட ஆசை பெரிதாகிவிட்டது, பாவம்.

புதிய இயர்போன் வாங்கினார். போனைப் பழுது பார்ப்பவனிடம் கொடுத்தார், ஒரு குறையும் இல்லை என்று திருப்பித் தந்தான். காது டாக்டரிடம் போய் உட்கார்ந்தார். இந்த வயதுக்கு இவ்வளவு நல்ல காதா என்று டாக்டர் பாராட்டி அனுப்பினார். ஜன்னல்களை அடைத்தார், விசிறியை நிறுத்தினார், வேர்க்க விறுவிறுக்க உட்கார்ந்து கேட்டார். ராணியின் முறை வரும்போதெல்லாம் அமைதிதான். அந்த அமைதிக்கு இவர்கள் மூன்று பேரும் உம் கொட்டுவார்கள். ஒருநாள் அவள் ஏதோ ஒரு வார்த்தையை மாற்றிப் படித்துவிட்டாள் என்று மூன்று பேரும் சேர்ந்து கேலி செய்தார்கள். கேலி முடிந்ததும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். பிறகு "சரி சரி, உங்க புத்தகத்துல அப்படித்தான் இருக்குன்னா விடுங்க" என்றார் டிரைவர்.

மகள் லீவில் வந்திருந்தாள். ஞாயிறு மதியம் அவளை ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் உட்கார வைத்தார். முதல் அமைதி வந்தபோது அவள் நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது அமைதியில் நிமிர்ந்தாள். காப்பி டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் போனைப் பார்க்கவில்லை, மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மெல்ல மெல்லக் கலங்கி, கண்ணீர் தாடை வரைக்கும் இறங்கியது.

"அப்பா, இது எப்ப ரெக்கார்ட் பண்ணது?"

"உனக்குக் கேக்குதா?"

"என்னப்பா கேள்வி இது? அம்மா வாராவாரம் எங்கிட்ட போன்ல படிச்சுக் காட்டிட்டுத்தானே இவங்ககிட்ட படிப்பாங்க. எனக்குத் தெரியாதா?"

பதிவு எதுவும் இல்லை என்பதை அவர் அவளிடம் சொல்லவில்லை. அவளாவது நிம்மதியாக ஊருக்குப் போகட்டும் என்று விட்டுவிட்டார். அவள் போன பிறகு, அவருக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. ஊர் பேர் தெரியாத டிரைவருக்குக் கேட்கிறது, வாத்தியாருக்குக் கேட்கிறது. கட்டின புருஷனுக்கு மட்டும் கதவைச் சாத்துவதா?

அந்தக் கோபத்திலேயே அடுத்த ஞாயிறு மைக்கைத் திறந்தார். நான் அவங்க வீட்டுக்காரர் பேசறேன், அவங்க போய் இத்தனை மாசம் ஆச்சு, நீங்கல்லாம் யார்கிட்ட பேசிக்கிட்டிருக்கீங்க என்று கொட்டித் தீர்த்தார். அந்தப் பக்கம் யாரும் பதறவில்லை.

"தெரியும் சார்," என்றார் வாத்தியார். "அவங்களே சொல்லிட்டுத்தான் போனாங்க."

மருந்துக்கடை அம்மா நிதானமாக விளக்கினார். ஆரம்பத்திலிருந்தே குழுவில் ஒரு வழக்கம். ஒருவருக்குக் கொடுத்த பாகத்தை அவர் வராத நாளில் இன்னொருவர் படிக்கக் கூடாது. அந்தப் பேச்சுக்கு உண்டான நேரத்தை விட்டுக் காத்திருப்பார்கள். காத்திருக்கும்போது அவரவர் மனசுக்குள் அந்த ஆளின் குரலிலேயே வரிகளை ஓட விடுவார்கள். டிரைவருக்கு டூட்டி மாறும், வாத்தியாருக்கு உடம்பு படுத்தும், அதற்காக ஏற்பட்ட வழக்கம். ஆஸ்பத்திரியிலிருந்து ராணியம்மா கேட்டுக்கொண்டது ஒன்றுதான். இந்த நாடகம் முடிகிறவரைக்கும் என் பாகத்தை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்.

"அப்போ மனசுக்குள்ளதானா? எல்லாம் கற்பனையா?" என்று கேட்டார் பல்செட்காரர்.

"மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு," என்றார் டிரைவர். "இப்ப மூணு பேரும் ஒரே எடத்துல சிரிக்கிறோம் சார். அது எப்படின்னு எங்களுக்குத் தெரியாது. நாங்க அதைப் பத்திப் பேசிக்கிறதில்லை."

"எனக்கு மட்டும் ஏன் கேக்கல?"

மருந்துக்கடை அம்மா தயங்கித்தான் கேட்டார். "அவங்க படிச்சு நீங்க கேட்டிருக்கீங்களா சார்?"

பல்செட்காரர் யோசித்தார். அவள் ஆசையாக ஒரு நாடகத்தைப் பற்றிச் சொல்ல வந்ததுண்டு, பல தடவை. அவள் வாய் திறந்ததும், கடைசியில் யார் செத்தது, அதை மட்டும் சொல்லு என்பார். நாடகம் என்ன, எதைச் சொல்ல வந்தாலும் பாதியிலேயே இவருக்குப் புரிந்துவிடும். புரிந்ததும் பதிலும் தயாராக இருக்கும். அவள் ஒரு பேச்சைத் தொடங்கியது நிறைய ஞாபகம் இருந்தது. முடித்ததாக ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை.

"இல்லை," என்றார்.

அதற்கு யாரும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. கடைசிக் காட்சியில் மட்டும் வருகிற படகோட்டியின் பாகம் இன்னும் யாருக்கும் கொடுக்கப்படாமல் இருக்கிறது, எடுத்துக்கொள்கிறீர்களா என்று அந்த அம்மா கேட்டார். ராணியை ஏற்றிக்கொண்டு போகிறவன். இரண்டே பேச்சு. அவர் சரியென்றார்.

வாரம் முழுக்க அந்த இரண்டு பேச்சையும் பட்டறையில் பல்செட்டுகளைத் தேய்த்துக்கொண்டே மனப்பாடம் செய்தார். தட்டிலிருந்த தாடைகளுக்கெல்லாம் படித்துக் காட்டினார். ஞாயிறு வந்தது. புத்தகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ராஜா அழுதார், மந்திரி தலைகுனிந்தார், ராணி கடற்கரைக்கு வந்தாள். "ஏறுங்கள் அம்மா, காற்று மாறுவதற்குள்" என்று பல்செட்காரர் படித்தார். தப்பில்லாமல் படித்துவிட்டார்.

இனி ராணியின் கடைசிப் பேச்சு. புத்தகத்தில் அது ஒரே ஒரு சொல்தான். "போகலாம்." அதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? அமைதி விழுந்தது. அந்த ஒரு சொல்லுக்கு வேண்டிய இடத்தை விட்டார், தன் கணக்கில் கொஞ்சம் தாராளமாகவே விட்டார். பிறகு படகோட்டியின் பதிலைத் தொடங்கினார்.

"இருங்க சார்," என்றார் டிரைவர் மெதுவாக. "அவங்க இன்னும் பேசி முடிக்கலை."

பல்செட்காரர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார். புத்தகத்தைப் பார்த்தார். அந்தச் சொல்லுக்குப் பிறகு ஒரு முற்றுப்புள்ளி. அதற்குக் கீழே படகோட்டியின் பேச்சு. நடுவில் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பக்கம் மூன்று பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாத்தியார் ஒருமுறை "ம்" என்றார். மருந்துக்கடை அம்மா மூக்கை உறிஞ்சினார். டிரைவர் ஏதோ ஒரு இடத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டார், பல்செட்காரருக்குத் தெரியாத ஏதோ ஒரு இடத்தில். என்ன சொல்றா என்று கேட்க நாக்கு துடித்தது. கேட்டால் அதுவும் குறுக்கே பேசுவதாகிவிடும். அவர் கேட்கவில்லை. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கி, தாடைகள் இருந்த தட்டைத் தாண்டித் தரைக்கு வந்தது. அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அவர் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் கேட்காமல், அவள் முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.