அந்த ஏழு எங்கிருந்து வந்தது?

நான் ப்ளஸ் டூ எழுதிய வருடம் நோன்பும் பொதுத்தேர்வும் ஒரே மாதத்தில் வந்து நின்றன. ரொம்ப காலத்துக்கு முன்னால் நடந்த கதை இல்லை. இப்போதுதான் கல்லூரிக்குள் நுழைந்திருக்கிறேன். நடந்த இடம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வீட்டு மாடி அறை. அது என் வகுப்புத் தோழியின் வீடு. அவளுடைய அம்மா வேறொரு பள்ளியில் டீச்சர், அதனால் நாங்கள் அவளை டீச்சர் மகள் என்றே கூப்பிடுவோம். நான் இரும்புலியூர். மூன்றாவது ஆள் கூடுவாஞ்சேரியிலிருந்து ரயிலில் வருவாள். தேர்வுக்கு விடுமுறை விட்டதும் மூவரும் அந்த மாடியில் கூடிவிட்டோம்.

அந்த அறையில் போர்டு கிடையாது. ஆனால் தரை முழுக்க வெள்ளை டைல்ஸ். மார்க்கரால் எழுதினால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம் என்று டீச்சர் மகள்தான் கண்டுபிடித்தாள். மேட்ரிக்ஸ் கணக்குக்கு அது அவ்வளவு வசதி. ஒரு டைலுக்கு ஒரு எண் என்று போட்டுக்கொண்டே போகலாம். சுற்றி உட்கார்ந்து, முட்டி தேயத் தேயக் கணக்குப் போட்டோம். டீச்சர் மேலே வந்து பார்த்துவிட்டு, "மாப் போடுற வேலையும் உங்களோடதுதான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

எனக்கு நோன்பு. டீச்சர் மகளுக்கு ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம், கறி மீன் தொடமாட்டாள். வயிறாரச் சாப்பிட்டிருக்க வேண்டியவள் கூடுவாஞ்சேரிக்காரி ஒருத்திதான். அவளும் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு மாடிப்படிக்குப் போய்விடுவாள். தண்ணீர் குடிக்கக்கூடத் திரும்பிக்கொள்வாள். "இங்கேயே குடிடி, எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று நான் எத்தனை முறை சொல்லியும் கேட்கவில்லை.

எங்கள் மூவரில் கணக்கில் நான்தான் பெரிய ஆள். அப்படித்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். என் மகள் சென்டம் எடுப்பாள் என்று தன் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அத்தா சொல்லி வைத்திருந்தார். அதனால் அந்த மாடியில் நான் மேடம். நான் தரையில் எழுதுவேன், மற்ற இருவரும் பார்த்து எழுதிக்கொள்வார்கள். என் குரல் அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தால் இப்போது எனக்கே எரிச்சலாக இருக்கிறது.

கூடுவாஞ்சேரிக்காரிக்கு மற்ற பாடமெல்லாம் ஓடிவிடும். கணக்கு மட்டும் ஓடாது. அரையாண்டில் ஃபெயில். அவளுடைய அம்மா தாம்பரம் சானடோரியம் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறார். "பாஸானா படி, ஃபெயிலானா என்கூட கம்பெனிக்கு வா" என்று ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார். சூப்பர்வைசரிடமும் பேசி ஒரு மெஷின் சொல்லி வைத்தாயிற்று. இவளுக்கோ ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் படிப்பு படிக்க வேண்டும் என்று ஆசை. துணைத்தேர்வு இருக்கிறதே, மறுபடி எழுதலாமே என்று நான் சுலபமாகச் சொன்னேன்.

"எங்க தெருவுல கம்பெனிக்குப் போனவ ஒருத்திகூட திரும்பி வந்து எழுதுனது இல்லடி" என்றாள்.

அரையாண்டில் அவள் ஏன் ஃபெயிலானாள் என்று பார்த்தால் சிரிப்பு வரும். கேள்விகளில் எண்களை மாற்றிக் கொடுத்திருந்தார்கள். இவள் எங்கள் ட்யூஷனில் கொடுத்த மெட்டீரியலில் இருந்ததை ஒரு வரி பிசகாமல் அப்படியே எழுதிவிட்டு வந்திருந்தாள். கேள்வி ஒன்று, பதில் வேறொன்று. வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். கணக்கை யாராவது செய்யுளைப் போல மனப்பாடம் செய்வார்களா என்று எனக்கு வியப்பாகவும் இருந்தது.

அந்த மெட்டீரியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். யாரோ ஒரு பழைய மாணவர் கையால் எழுதியது. வருடா வருடம் ஜெராக்ஸ் எடுத்து, அதையே மறுபடி ஜெராக்ஸ் எடுத்து, எழுத்தெல்லாம் வெளிறிப்போயிருக்கும். ஆனாலும் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் வேதம். புத்தகத்தைத் திறக்காதவர்கள்கூட அதைத் திறப்பார்கள்.

ஒரு மதியம் அதிலிருந்து ஒரு ஐந்து மார்க் கணக்கை நான் தரையில் எழுதிக்கொண்டிருந்தேன். மூன்று வரிசை எண்கள். முதல் வரிசையை இரண்டு மடங்காக்கி இரண்டாம் வரிசையிலிருந்தும், மூன்று மடங்காக்கி மூன்றாம் வரிசையிலிருந்தும் கழிக்க வேண்டும். விஷயம் அவ்வளவுதான், பெருக்கல் கழித்தல் தெரிந்தால் போதும். மெட்டீரியலைப் பார்த்து மளமளவென்று எழுதிக்கொண்டே போனேன். கூடுவாஞ்சேரிக்காரி ஒரு டைலின் மேல் விரலை வைத்தாள்.

"ஏய், இந்த ஏழு எங்கேந்துடி வந்துச்சு?"

நான் நிமிரக்கூட இல்லை. "மேல ரெண்டு இருக்குல்ல? கீழ அஞ்சு இருக்கு. அஞ்சும் ரெண்டும் ஏழு. அவ்ளோதான்."

"கழிக்கணும்னுல்ல போட்டுகீது?"

"ரோ ஆபரேஷன்ல அப்படித்தான் வரும். ஒவ்வொண்ணுக்கும் நின்னா சிலபஸ் எப்ப முடியும்?"

அவள் தலையை ஆட்டிவிட்டு எழுதிக்கொண்டாள். அடுத்த வரிசையை நீயே போடு என்று மார்க்கரை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் சுவரில் சாய்ந்தேன். நோன்பு நேரத்து மதியம், கண் சொக்கியது. அவள் நான் சொன்னதை நம்பி, அதையே மூன்றாம் வரிசைக்கும் செய்தாள். மேலே இரண்டு, கீழே எட்டு. சேர்த்துப் பத்து என்று எழுதினாள். பிறகு மெட்டீரியலைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

"எனக்குப் பத்து வர்து. இதுல ரெண்டுன்னு கீது. நான் எங்கடி தப்பு பண்ணேன்?"

"இங்க கழிக்கணும்டி. மூணு மடங்கு, ஆறு. எட்டுல ஆறு போனா ரெண்டு."

"அப்ப மேல ஏன் கூட்டுன?"

டீச்சர் மகள் அதுவரை ஓரமாக உட்கார்ந்து வேறு பாடம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தவழ்ந்து வந்து எங்கள் டைல்களைக் குனிந்து பார்த்தாள். "இரு இரு, மறுபடி சொல்லு. அந்த ஏழு எப்படி வந்துச்சு?" என்றாள். நான் மறுபடி சொல்ல ஆரம்பித்து பாதியில் நிறுத்திவிட்டேன். முதல் வரிசையில் இருப்பது இரண்டு. இரண்டு மடங்கு என்றால் நான்கு. ஐந்திலிருந்து நான்கு போனால் ஒன்று. ஒன்றாவது வகுப்புக் கணக்கு.

மெட்டீரியலில் அடுத்த படியைப் பார்த்தோம். அங்கே அதே இடத்தில் ஒன்று என்றுதான் இருந்தது. முதலில் எழுதியவர் ஒன்று என்றுதான் எழுதியிருக்கிறார். ஜெராக்ஸ் மேல் ஜெராக்ஸில் ஏதோ கோடு விழுந்து, வழியில் யாரோ அதன் மேல் பேனாவால் பளிச்சென்று ஏழு என்று எழுதியிருக்கிறார்கள். யார், எந்த வருடம், தெரியாது. எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் அந்த ஏழு என்ற எண்ணைத் தாண்டிப் போனார்கள் என்று நினைத்தபோது எனக்குத் தூக்கம் போய்விட்டது. நானும்தானே தாண்டிப் போனேன்? அந்தக் கணக்கை எத்தனையோ முறை போட்டிருக்கிறேன். ஏழு என்று எழுதி, அடுத்த வரியில் ஒன்று என்று எழுதி, கடைசியில் சரியான விடை வந்ததும் டிக் போட்டுக்கொண்டேன். வகுப்பே சிரித்த காரியத்தை நானும்தான் செய்திருந்தேன், யாரும் கண்டுபிடிக்கவில்லை. அதோடு விட்டேனா? இல்லாத ஏழுக்கு விளக்கமும் சொன்னேன், அதுவும் எவ்வளவு தைரியமாக!

"உனக்கு எப்ப தோணுச்சு இது?" என்று கேட்டேன்.

"காலாண்டுலயே. ட்யூஷன்ல எல்லாரும் கடகடன்னு எழுதிகினு போனீங்க. யாருமே கேக்கல. சரி, இது எல்லாருக்கும் புரியுது, நமக்குத்தான் மூளை இல்லன்னு நெனச்சேன். புரியலன்னா மனப்பாடம்தானே பண்ணணும்? அதான் எல்லாத்தையும் பண்ணிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அப்ப என் தப்பு இல்லையா?" என்றாள். அவள் சிரித்தாளா அழுதாளா என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, இவள் இன்னும் எதையெல்லாம் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஒரு அரிப்பு வந்துவிட்டது.

மறுநாளிலிருந்து மார்க்கர் யார் கையில் இருந்தாலும், "எங்கேந்து வந்துச்சு?" என்று அவள் கேட்டால் நிறுத்தியாக வேண்டும், பதில் சொல்லாமல் அடுத்த டைலுக்குப் போகக் கூடாது என்று பேசிக்கொண்டோம். அவ்வளவுதான், வண்டி நகரவே இல்லை. ஒரு கணக்குக்குப் பத்து இடத்தில் நிறுத்தினாள். பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. டீச்சர் மகள் பரணிலிருந்து பத்தாம் வகுப்புப் புத்தகத்தையெல்லாம் இறக்கினாள்.

நீள்வட்டம் வந்தபோது, "ரெண்டு ஃபோகஸ் இன்னாத்துக்கு? வட்டத்துக்கு நடுவுல ஒண்ணு போதுது, இதுக்கு மட்டும் ஏன் ரெண்டு?" என்றாள். எனக்குச் சூத்திரம் தெரியும், ஏன் என்று தெரியாது. கடைசியில் ஒரு அட்டைப் பெட்டியைக் கிழித்து, இரண்டு ஃபோகஸுக்கும் இரண்டு குண்டூசி குத்தி, நூலைத் தளர்வாகக் கட்டி, பென்சிலால் இழுத்துச் சுற்றினோம். நீள்வட்டம் தானாக வந்து விழுந்தது. ஊசிகளை நெருக்கி வைத்தால் வட்டம் மாதிரி ஆகிறது, தள்ளி வைத்தால் ஒடுங்குகிறது. மூன்று பேரும் சின்னப் பிள்ளைகள் மாதிரி அந்த அட்டை முழுக்க வரைந்து தீர்த்தோம். நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரமாகிவிட்டதுகூடத் தெரியவில்லை. டீச்சர் பேரீச்சம்பழத்தோடு மேலே வந்த பிறகுதான் எனக்கு நோன்பு நினைவே வந்தது.

ஆனால் தேர்வு நெருங்க நெருங்க எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. பாதிப் பாடம் தொடவே இல்லை. "மீதியை மனப்பாடமாவது பண்ணிடு, எதையாவது எழுதி வைக்கலாம்" என்று அவளிடம் கெஞ்சினேன். அவள் மாட்டேன் என்றாள். புரிந்ததை மட்டும் எழுதுகிறேன், மீதியை விட்டுவிடுகிறேன் என்றாள். ஒரு வருடத்தையே பணயம் வைக்கிறாளே என்று எனக்குக் கோபம். அன்று சண்டை போட்டுக்கொண்டுதான் பிரிந்தோம். அவள் ரயிலுக்குப் போனாள், நான் ஷேர் ஆட்டோவில் ஏறி வழியெல்லாம் அவள் அம்மா சொல்லி வைத்த மெஷினையே நினைத்துக்கொண்டு போனேன். அவள் போய் அங்கே உட்கார்ந்தால் அதில் என் பங்கும் இருக்கும் என்று தோன்றியது.

தேர்வு முடிந்து வெளியே வந்தாள். மேட்ரிக்ஸ் கணக்கு வந்திருந்தது, வேறு எண்களோடு. எப்படி எழுதினாய் என்று கேட்டதற்கு, "ஒவ்வொரு நம்பரையும் நீ எங்கேந்து வந்தன்னு கேட்டுகினே போட்டேன்டி" என்றாள். நிறைய விட்டுவிட்டேன் என்றும் சொன்னாள். அதைக் கேட்ட பிறகு முடிவு வரும்வரை எனக்கு நிம்மதி இல்லை.

முடிவு வந்த காலை முதல் போன் அவளுடையதுதான். "பாஸ்டி" என்றாள். மார்க் ஒன்றும் பெரிதில்லை, ஆனால் பாஸ். பின்னால் அவளுடைய அம்மா வேறொரு போனில் யாரிடமோ சத்தமாகப் பேசுவது எனக்குக் கேட்டது. "இல்ல சார், அந்த மெஷினு வேற யாருக்காவது குடுத்துடுங்க, எம் பொண்ணு படிக்கப் போறா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். போனை வைக்க எனக்கு மனசே வரவில்லை. எனக்குச் சென்டம் வரவில்லை. அத்தாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். எனக்கு அன்றைக்கு அதை நினைக்க நேரமே இருக்கவில்லை.

இப்போது விடுமுறை நாட்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். யாராவது ஒருத்தி, "எனக்கு மட்டும்தான் புரியல போல, விடுங்கக்கா" என்று பேனாவை மூடினால் எனக்குத் திக்கென்று ஆகிவிடுகிறது. அவளை உட்கார வைத்து, நான் சொன்னதில்தான் எங்கோ தப்பு இருக்கிறது, தேடு என்று சொல்கிறேன்.